நாற்பது துளை ரிம்மும் ஒரு காட்டர் பின்னும்

லண்டனில் ஒருவர் 1950களின் ராலே ரோட்ஸ்டர் சைக்கிளை மீண்டும் ஓடவைக்க நினைத்தால், முதலில் அவரை அலையவைப்பது ரிம்தான். 28 × 1½ அளவில், ராடு பிரேக்குக்கு ஏற்ற வளைவோடு, பின்சக்கரத்துக்கு 40 துளை போட்ட இரும்பு ரிம் அங்கே சாதாரணக் கடையில் இருக்காது. காங்கேயத்தில் அதே அளவு ரிம் சைக்கிள் கடை விட்டத்தில் தொங்குகிறது. டயர், டியூப், பிரேக் கட்டை, காட்டர் பின், செயின் கவர் எல்லாமே அப்படித்தான். ஊரே கைவிட்ட ஒரு பழைய வண்டிக்குப் புத்தம்புது உதிரி கிடைப்பது உலகில் அபூர்வம். ஆங்கிலேயர் வடிவமைத்த அந்தக் கறுப்பு ரோட்ஸ்டரை அவர்களே நிறுத்திய பிறகும் இந்தியா நிறுத்தவில்லை. லூதியானாவில் அதன் உதிரிகள் இன்றும் உருவாகின்றன.

ஆனால் கொங்கு வட்டாரத்தில் பழைய சைக்கிளை மீட்டெடுக்கும் ஆர்வலர்களிடம் வேரூன்றிவிட்ட வழக்கம் இந்த வசதியைப் பெரும்பாலும் ஒதுக்கிவைக்கிறது. இங்கிலாந்து முத்திரை குத்திய பாகம் முதலிடம். அது கிடைக்காவிட்டால் இன்னொரு பழைய சைக்கிளிலிருந்து கழற்றியது. லூதியானா உருப்படி கடைசி வழி. ஃபிரேமைச் சுரண்டி, பளபளக்கப் பெயிண்ட் அடித்து, கண்ணில் படும் இரும்புக்கெல்லாம் குரோம் ஏற்றுகிறார்கள். வண்டி ஹாலிலோ ஓட்டல் வரவேற்பறையிலோ நிற்கிறது. இந்த வழக்கத்தால் கிடைத்த நன்மையும் உண்டு, நேர்ந்த சேதமும் உண்டு. இரண்டையும் எடைபோட ஓர் அளவுகோல் வேண்டும். பாகம் எந்த நாட்டில் செய்தது என்பதைவிட, இந்த ஃபிரேம் எதை ஏற்கும், இந்தச் சாலையில் எது ஆளைக் காப்பாற்றும், மாற்றியதை நாளை திரும்ப எடுக்க முடியுமா என்ற மூன்று கேள்விகள்தான் அந்த அளவுகோலாக இருக்க முடியும்.

முதலில் நன்மையைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்துச் சாளையிலும் அரிசி ஆலைக் கிடங்கிலும் சாய்த்துவைத்த சைக்கிள்கள் பேரீச்சம்பழத்துக்குப் போயிருக்க வேண்டியவை. அவற்றைத் தேடிப் பிடித்துக் காப்பாற்றியவர்கள் இந்த ஆர்வலர்கள்தான். பழைய ஆங்கிலப் பாகத்தின் மீது அவர்களுக்குள்ள மதிப்பும் வெறும் மோகமல்ல. ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் 1936இல் கொண்டுவந்த ஏ.டபிள்யூ. மூன்று கியர் ஹப்பை எடுத்துக்கொள்வோம். அதன் கூட்டில் தயாரித்த ஆண்டும் மாதமும் குத்தப்பட்டிருக்கும். அறுபது, எழுபது வயதான ஹப்பைப் பிரித்தால் பல்சக்கரங்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எண்ணெய் காய்ந்து பிசினாகியிருப்பதுதான் கோளாறு. அப்படிப்பட்ட ஹப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மலிவான ஒற்றை ஃப்ரீவீல் மாட்டுவது நட்டம் என்று அவர்கள் சொல்வது முழுக்கச் சரி.

பிரித்து மாட்டும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டு, கோவையில் ஓட்டல் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதே வண்டியை வாங்கிப் பிரித்து மாட்டிப் பழகியவர் ஜி.டி. நாயுடு. அவர் பெயரில் கோவை அவினாசி சாலையில் இன்று கார் அருங்காட்சியகமும் இருக்கிறது. ரட்ஜ் நிறுவனம் சைக்கிளும் செய்தது. அந்த சைக்கிள் தொழிலை 1943இல் ராலே வாங்கியது.

இந்த நிறுவனக் கைமாற்றம் பாகம் தேடுபவருக்கு மிக முக்கியம். ஹம்பர் 1932இலும், பி.எஸ்.ஏ.வின் சைக்கிள் பிரிவு 1957இலும் ராலேயிடம் போய்ச் சேர்ந்தன. ஆகவே கழுத்துச் சின்னத்தில் ஹம்பர் என்று இருந்தாலும் உள்ளே இருப்பது நாட்டிங்காம் ராலே தொழிற்சாலையின் அளவாக இருக்கலாம். பெயர்களை வேறுபடுத்திக் காட்ட ராலே சில அடையாளங்களை மட்டும் விட்டுவைத்தது. ராலேயின் செயின் வீலில் மூன்று நாரைத் தலைகள் வெட்டப்பட்டிருக்கும். ரட்ஜில் விரித்த கை. ஹம்பரில் ஓடும் மனித உருவங்கள். கூடவே முன் ஃபோர்க்கின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றுக்கு இரண்டு குழாய். ஒரு சைக்கிளின் அடையாளம் இந்தச் செயின் வீலில்தான் இருக்கிறது. பல் தேய்ந்திருந்தாலும், செயினை மட்டும் புதிதாக மாற்றி அதையே வைத்துக்கொள்வது நல்லது. பல் கூர்மையாகிக் கொக்கிபோல் வளைந்துவிட்டால்தான் மாற்றுவது பற்றியே பேச வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்ததும் கதை மாறியது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் 1949இல் கூட்டுச் சேர்ந்து, சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் எழுந்தது. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்ற ஆங்கிலப் பெயர்கள் அங்கிருந்து வரத் தொடங்கின. வங்காளத்தின் அசன்சோலில் சென்–ராலே. சோனிப்பட்டில் 1951இல் அட்லஸ் வந்தது. லூதியானாவில் 1956 முதல் ஹீரோ. நெசவுப் பாவும், பால்கேனும், பனியன் மூட்டையும், பள்ளிப் பிள்ளையும் ஏறிய கொங்கு நாட்டு சைக்கிள்களில் பெரும்பாலானவை இந்த இந்தியத் தொழிற்சாலைகளில் பிறந்தவைதான். அம்பத்தூர் ஹெர்குலிஸில் நாட்டிங்காம் பாகத்தைத் திணிப்பதும், அதன் மேல் 'மேட் இன் இங்கிலாண்ட்' என்ற ஒட்டுப்படம் போடுவதும் மீட்பு ஆகாது. அந்த வண்டிக்கென்று உண்மையான ஒரு வரலாறு இருக்கிறது, அதைத்தான் அழிக்கிறோம். இந்தியப் பிறப்புள்ள சைக்கிளுக்கு இந்திய உதிரியே மூல உதிரி என்பதை இந்த வழக்கம் இன்னும் ஏற்கவில்லை. அதன் முதல் குறை இது.

இரண்டாவது குறை மரையில் இருக்கிறது. கிராங்க் அச்சு உட்காரும் கீழ்க் குழாயில் பெரும்பாலான ஆங்கிலேய சைக்கிள்களுக்கு அங்குலத்துக்கு 24 மரை. ராலே மட்டும் தன் ரோட்ஸ்டர்களுக்கு 26 மரை வைத்தது. ஸ்டியரிங் குழாயிலும் அப்படியே. விட்டம் ஒன்றுபோல் இருப்பதால் கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கடையில் கிடைக்கும் 24 மரை கப்பை ராலே ஃபிரேமில் வைத்தால் ஓரிரு சுற்று சுலபமாக ஏறும், பிறகு இறுகும். "பலமாத் திருகுனா ஏறிருமுங்" என்று நீளமான பைப்பை ஸ்பேனரில் மாட்டும் இடத்தில்தான் எழுபது வருட ஃபிரேம் கெடுகிறது. மரை வழித்துக்கொண்டு போன ராலே ஃபிரேமைச் சரிசெய்வது பெரும்பாடு. மரை அளக்கும் கேஜ் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளாமல் பாகம் வாங்கக் கிளம்பக்கூடாது. பழைய கப்பில் குழி விழாதிருந்தால் அதைத் தொடாமல், உள்ளிருக்கும் பால்ரஸ் குண்டுகளை மட்டும் மாற்றினாலே போதும். முன் ஹப்புக்கு 3/16 அங்குலம், பின் ஹப்புக்கும் கிராங்குக்கும் ¼ அங்குலம் என்பது வழக்கமான அளவு. தரமான குண்டுகளின் மொத்த விலை ஒரு குரோம் பெல்லின் விலையைத் தாண்டாது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத பாகத்துக்குச் செலவழிக்கப் பலருக்கும் மனம் வருவதில்லை.

காட்டர் பின்னும் அப்படிப்பட்ட சின்னப் பாகம்தான். கிராங்கையும் அச்சையும் இணைக்கும் அந்த ஆப்பு ஆங்கிலேய சைக்கிளில் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர் தடிமன். பட்டறையில் அதை எடுக்கும் விதத்தைப் பார்த்தே மெக்கானிக்கின் கைவரிசையைச் சொல்லிவிடலாம். அனுபவம் இல்லாதவர் நட்டைக் கழற்றிய கையோடு மரை முனையில் சுத்தியலால் அடிப்பார். மரை நசுங்கும், பின் வளையும், அடி முழுவதும் கப்பிலும் குண்டிலும் போய் இறங்கும். தெரிந்தவர் முந்தின நாளே எண்ணெய் விட்டுவைப்பார். கிராங்குக்கு அடியில், பின் தலை நுழையும் அளவுக்கு ஒரு தடித்த குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுப்பார். நட்டை மரை முனைக்குச் சமமாக நிறுத்தி, ஒரே அடியில் இறக்குவார். புதுப் பின்னை அப்படியே செருகவும் மாட்டார். அதன் சாய்ந்த முகத்தை அரத்தால் இழைத்து, அச்சின் வெட்டில் முழுதாகப் படிகிறதா என்று மை தடவிப் பார்ப்பார். இரண்டு பக்கத்துப் பின்னும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும்; இல்லையென்றால் இரண்டு பெடலும் ஒரே கோட்டில் நிற்காது. மலிவான பின் மெத்தென்று இருக்கும். கொஞ்ச நாளில் நசுங்கிக் கிராங்க் 'டக் டக்' என ஆடும். கெட்டிப் பின் இரண்டு வாங்குவது, மீட்பில் செய்யும் மிக லாபமான செலவு.

இல்லாத பாகத்தைக் கடைந்து கொடுக்கக் கோவையில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. மோட்டார் பம்ப்செட்டும் ஜவுளி இயந்திரமும் வளர்த்த தொழில் அது. மாதிரி ஒன்று கொடுத்தால் சாயங்காலமே பாகம் கைக்கு வரும். கொங்கு நாட்டு மீட்புக்கு இது பெரிய பலம். ஆனால் பலம் இருக்கும் இடத்திலேயே சறுக்கலும் இருக்கிறது. ஆங்கிலேய சைக்கிள் மரையின் கோணம் 60 பாகை. பழைய பொது இயந்திரங்களுக்கான விட்வொர்த் மரை 55 பாகை. சொல்லாவிட்டால் லேத்காரர் கையிலிருக்கும் விட்வொர்த் வெட்டுளியைப் போட்டுவிடுவார். நட்டு ஏறும், சுமை தாங்காது. ஸ்டர்மி ஆர்ச்சர் அச்சு 13/32 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 26 மரை என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

ஹப்பின் குண்டுகளைத் தாங்கும் கோன் விஷயம் இன்னும் நுட்பம். சாதா இரும்பில் கடைந்த கோன் பார்க்க அசலை மிஞ்சும். மேற்பரப்பைக் கேஸ் ஹார்டனிங் செய்து கெட்டிப்படுத்தாவிட்டால், குண்டு உருளும் பாதையில் சில மாதங்களிலேயே குழி விழும். குண்டு உருளும் எந்தப் பாகத்தையும் கடைந்தால் மட்டும் போதாது. வெப்பப் பதப்படுத்தலும் வேண்டும். கோவையில் அதைச் செய்துதரும் இடங்கள் இருந்தும், சைக்கிள்காரர்கள் அந்த இரண்டாவது படியைப் பலமுறை தாண்டிவிடுகிறார்கள். புஷ், வாஷர், பிரேக் ராடின் குமிழ் போன்றவற்றை லேத்திடம் தயங்காமல் விடலாம். விரிசல் விட்ட ஃபிரேமை மட்டும் ஆர்க் வெல்டிங்கிடம் விடக்கூடாது. குழாய்கள் சேரும் லக்கில் பித்தளை உருக்கி ஒட்டிய ஃபிரேம் அது. கேஸில் பித்தளைக் கம்பி வைத்து ஒட்டுபவரைத் தேடிப் போக வேண்டும்.

சக்கரத்துக்கு வருவோம். தேர்வில் அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். '28 அங்குலம்' என்ற ஒரே பெயரில் உலகில் பல ரிம்கள் இருக்கின்றன. ரோட்ஸ்டரின் 28 × 1½ ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். இன்றைய ரேஸ், ஹைபிரிட் சைக்கிள்களின் 700சி என்பது 622. எழுபதுகளின் பந்தய சைக்கிள்களில் இருந்த 27 × 1¼ என்பது 630. சின்ன ரோட்ஸ்டரின் 26 × 1⅜ என்பது 590. ஒன்றின் டயர் இன்னொன்றில் ஏறாது. 630க்கும் 635க்கும் ஐந்து மில்லிமீட்டர்தானே என்று நெம்பி ஏற்றப் பார்ப்பவர்களும் உண்டு. டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட 40–635 என்ற எண்ணைப் பார்த்து வாங்குவதே வழி. ஜெர்மனியின் ஷ்வால்பே இந்த அளவில் நல்ல டயர் செய்கிறது. லூதியானா டயர் விலையில் எங்கோ கீழே. உள்ளூரில் ஓட்ட லூதியானா டயரே போதும். அடிக்கடி நெடுந்தூரம் போகிறவர் மட்டும் மற்றதை யோசிக்கலாம்.

கம்பிக் கணக்கிலும் இந்தியச் சந்தை கைகொடுக்கிறது. முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 என்பது பழைய ஆங்கில வழக்கம். இந்திய ரோட்ஸ்டர் அதை அப்படியே வைத்துக்கொண்டது. வெளிநாடுகள் 36க்கு மாறிவிட்டன. பழைய 40 துளை ஹப்புக்கு இந்திய ரிம் கச்சிதமாகப் பொருந்தும். குறை எங்கே என்றால், இப்போது வரும் ரிம்களில் தகடும் குரோமும் மெல்லிசு. இணைப்பு மேடு தட்டுகிறது. கடையில் நான்கைந்தைத் தரையில் படுக்கவைத்து, சமமாகப் படிகிறதா என்று பார்த்து ஒன்றைப் பொறுக்க வேண்டும். கோட்டம் எடுப்பதில் கை தேர்ந்தவர் கிடைத்தால் சுமாரான ரிம்மும் நேராகும். அவர் இல்லையென்றால் இங்கிலாந்து ரிம்மும் ஆடும்.

எந்த ரிம் என்ற கேள்வி பிரேக்கோடு கட்டுண்டது. ராடு பிரேக்கின் கட்டை ரிம்மின் பக்கவாட்டில் உரசுவதில்லை. ஹப்பைப் பார்த்திருக்கும் உள்முகத்தை மேலே இழுத்துப் பிடிக்கிறது. அதற்கென வளைந்த ரிம் வெஸ்ட்வுட் வகை. அதில் கேபிள் இழுக்கும் பக்கவாட்டுப் பிரேக் வேலை செய்யாது. பிடிக்கத் தட்டையான முகம் இல்லை. இரண்டுக்கும் இடம் கொடுக்கும் வகையை ராலே பின்னாளில் செய்தது. இது தெரியாமல் ராடு பிரேக்கைக் கழற்றிவிட்டு, வெஸ்ட்வுட் ரிம்மிலேயே கேலிப்பர் மாட்டிய சைக்கிள்கள் ஓடுகின்றன. இறக்கத்தில் அவற்றை நம்ப முடியாது.

ஆனால் ராடு பிரேக்கையும் கண்மூடித்தனமாகப் போற்ற வேண்டியதில்லை. நனைந்த குரோம் இரும்பில் ரப்பர் கட்டை வழுக்கும். மழையில் பிரேக் பிடித்தால் வண்டி தன் இஷ்டத்துக்குத்தான் நிற்கும். ரோட்ஸ்டர் பிறந்த காலத்துச் சாலையில் மாட்டுவண்டிகள் போயின. இன்று காங்கேயம் வழியே கோவைக்கும் கரூருக்கும் இடையில் லாரிகள் ஓயாமல் போகின்றன. நிறுத்தும் திறனில் சமரசம் செய்துகொண்டு அசலைக் காப்பதாகச் சொல்வதை ஏற்க முடியாது. ஹாலில் நிற்கப்போகும் சைக்கிளுக்கு ராடு பிரேக்கின் அசல் கட்டை போதும். தினமும் ஓட்டப்போகும் சைக்கிளுக்கு முன்சக்கரத்தில் டிரம் பிரேக் ஹப் வைப்பதே சரி. அது காலத்துக்குப் பொருந்தாத கலப்படமும் அல்ல. ஸ்டர்மி ஆர்ச்சர் 1930களிலேயே டிரம் பிரேக் ஹப் செய்தது, இப்போது தைவானிலிருந்து 70, 90 மில்லிமீட்டர் டிரம்களில் செய்கிறது. அந்த நிறுவனம் 2000இல் தைவானின் சன்ரேஸ் கைக்குப் போன பிறகும் உற்பத்தி நிற்கவில்லை. மாட்டும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. புது ஹப் பெரும்பாலும் 36 துளை என்பதால் அதே எண்ணிக்கையில் ரிம் தேட வேண்டும். பழைய முன் ஃபோர்க்கின் இடைவெளி புது ஹப்புக்குச் சில மில்லிமீட்டர் குறுகல். டிரம்மின் கையை ஃபோர்க்கோடு கட்டும் பட்டை உறுதியாக இருக்க வேண்டும். அசல் முன்சக்கரத்தைப் பிரிக்காமல் முழுதாகக் கழற்றி வைத்துக்கொண்டால், கண்காட்சி நாளில் அதையே திரும்ப மாட்டலாம்.

இத்தாலியில் 1997இல் தொடங்கிய லெரோய்க்கா பழைய சைக்கிள் ஓட்டத்தின் விதிகள் இங்கே நினைவுக்கு வருகின்றன. 1987க்கு முந்தைய பந்தய சைக்கிள், ஃபிரேமின் சாய்வுக் குழாயில் கியர் நெம்புகோல், கால்விரலைக் கட்டும் பெடல், வெளியே தெரியும் பிரேக் கேபிள் என்று அங்கே கேட்கிறார்கள். பாகத்தின் அமைப்பைப் பார்க்கும் விதி அது. சரளைச் சாலையில் நாள் முழுக்க ஓட்டியாக வேண்டும் என்பது அதன் உயிர். ஓட்டத்தான் சைக்கிள் என்ற அந்த அடிப்படையைக் கொங்கு வட்டாரத்துக் கண்காட்சிகளும் எடுத்துக்கொண்டால், குரோம் பளபளப்புக்குக் கிடைக்கும் பரிசு நன்றாக ஓடும் ஹப்புக்குக் கிடைக்கும்.

கியர் விஷயத்தைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அளவுக்கு வலுவானது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் ஊரில், மேற்கே பார்த்து ரோட்ஸ்டர் மிதிப்பது விளையாட்டல்ல. பழைய ஆங்கிலக் கணக்குப்படி, செயின் வீலின் பல்லைப் பின்பல்லால் வகுத்துச் சக்கரத்தின் அங்குலத்தால் பெருக்கினால் கியரின் கனம் தெரியும். 48க்கு 18 என்றால் சுமார் 75 அங்குலம். ஏ.டபிள்யூ. ஹப்பில் முதல் கியர் கால் பங்கு குறைத்து 56. மூன்றாவது, மூன்றில் ஒரு பங்கு கூட்டி 100. எதிர்காற்றில் 56கூட கனம்தான். 100 அங்குலக் கியரை இங்கே யாரும் மிதிப்பதில்லை. பின்பல்லை 22 ஆக்கினால் கியர்கள் 46, 61, 81 என இறங்கும். மூன்றுமே பயன்படும். 1950களின் தொடக்கத்துக்குப் பிந்தைய ஹப்பில் பின்பல் மூன்று பள்ளத்தில் உட்கார்ந்து ஒரு கம்பி வளையத்தால் நிற்கிறது. மாற்ற ஒரு ஸ்குரூடிரைவர் போதும். அதற்கு முந்தைய ஹப்பில் பின்பல் மரையில் ஏறும். அங்கே பொறுமை வேண்டும். செயினில் கண்ணி கூட்ட வேண்டியிருக்கும். முழு செயின் கவருக்குள் 22 பல் சிக்காமல் சுற்றுகிறதா என்று முன்பே பார்த்துவிட வேண்டும். இவ்வளவு சின்ன, திரும்ப எடுத்துவிடக்கூடிய மாற்றத்தைக்கூட அசல் கெட்டுவிடும் என்று மறுப்பவர்கள்தான், கடைசியில் வண்டியை ஓட்டாமலே நிறுத்துகிறார்கள்.

அந்த ஹப்புக்குள் என்ன எண்ணெய் விடுவது என்பதிலும் ஊர்ப்பழக்கம் ஒன்று குறுக்கிடுகிறது. காங்கேயம் தேங்காய் எண்ணெய்க்குப் பேர்போன ஊர். சைக்கிளைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பது பழைய வழக்கம். வெளிப்பூச்சுக்கு அது நல்லதுதான். கியர் ஹப்புக்குள் கூடாது. மார்கழி விடியலில் அது உறைந்துவிடும். உறைந்த எண்ணெயில் கியரின் சிறு கொக்கிகள் ஒட்டிக்கொண்டு எழும்பாது. எஸ்.ஏ.இ. 20 அளவு மெல்லிய இயந்திர எண்ணெயை ஹப்பின் மூடித் துளையில் மாதம் ஒரு முறை சில சொட்டு விட்டால் ஏ.டபிள்யூ. ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த வழக்கம் மிகப் பெரிய சேதத்தைச் செய்வது பெயிண்டில். சாண்ட் பிளாஸ்ட் செய்து பவுடர் கோட்டிங் போடுவது கோவையிலும் திருப்பூரிலும் சுலபம், மலிவு. ஆனால் அந்தத் தடித்த பூச்சு லக்கின் கூர்விளிம்பை மழுக்குகிறது. குத்திய ஃபிரேம் எண்ணை மூடுகிறது. கப் உட்காரும் இடத்தை அடைக்கிறது. கையால் இழுத்த தங்கக் கோடு போனால் போனதுதான். துருவைக் கரைக்க ஆக்ஸாலிக் அமிலத் தொட்டி இருக்கிறது. கறுப்பு எனாமலை மெழுகால் உயிர்ப்பிக்கலாம். வெறும் இரும்பு தெரியும் இடத்தில் மட்டும் கைப்பூச்சுப் போடலாம். பஞ்சாயத்தும் நகராட்சியும் சைக்கிளுக்கு வரி வாங்கிய காலத்து உரிம வில்லை ஹேண்டில்பாரில் தொங்கினால், அதை எடுக்காமல் விடுவது எந்தக் குரோமைவிடவும் மதிப்பு. பால்காரர் மாட்டிய கனத்த கேரியரும், முன் ஃபோர்க்குக்கு அண்டக் கொடுத்த சப்போர்ட் கம்பியும்கூட அந்த சைக்கிள் இங்கே உழைத்த கதைதான். பட்டியலில் இல்லாத பாகம் என்று அவற்றைக் கழற்றி எறிவது பெரிய இழப்பு.

சீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1866இல் தொடங்கிய புரூக்ஸின் தோல் சீட் நல்லதுதான், விலையும் அதற்கேற்ப. பழைய ஸ்பிரிங்கும் சட்டமும் நன்றாக இருந்து தோல் மட்டும் கிழிந்திருந்தால், புது சீட் வாங்க வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட மரபு ஈரோட்டுக்கும் திண்டுக்கல்லுக்கும் உண்டு. தாவரப் பட்டையில் பதனிட்ட கெட்டித் தோலைத் தேடிப் பிடித்து, நனைத்து, பழைய சட்டத்தில் இழுத்துச் செப்பு ரிவெட் அடிக்கத் தெரிந்த கைகள் செருப்புத் தொழிலில் இன்னும் இருக்கின்றன. விளக்கு விஷயத்தில் தயக்கமே வேண்டாம்: டைனமோ ஹெட்லைட்டின் பழைய கூட்டை அப்படியே வைத்து, உள்ளே எல்.இ.டி. பொருத்த வேண்டும். 6 வோல்ட், 3 வாட் மஞ்சள் வெளிச்சத்தை எதிரே வரும் லாரிக்காரர் கவனிக்கப்போவதில்லை.

கடைசியாக, இந்த வழக்கத்தில் வெளியே பேசப்படாத ஒன்று. முழுக்க முழுக்க இங்கிலாந்துப் பாகத்தோடு ஒரு சைக்கிளை எழுப்ப, இன்னும் இரண்டு மூன்று பழைய சைக்கிள்களைப் பிரிக்கிறார்கள். செயின் வீல் ஒன்றிலிருந்து, மட்கார்டு இன்னொன்றிலிருந்து. மிஞ்சிய ஃபிரேம்கள் கோவை உக்கடத்துப் பழைய இரும்புக்குப் போகின்றன. ஒன்றைக் காப்பாற்றி இரண்டு மூன்றை இழக்கும் இந்தக் கணக்கை, கடை விட்டத்தில் தொங்கும் ரிம்மும் கெட்டிக் காட்டர் பின்னும் கொஞ்சம் தரமான குண்டுகளும் மாற்றிவிடும். எல்லா சைக்கிளுமே ஓடும், ஒவ்வொன்றிலும் சில பாகம் லூதியானாவாக இருக்கும், அவ்வளவுதான். அதற்கு ஆர்வலர்கள் முதலில் செலவழிக்க வேண்டியது பாகத்துக்கு அல்ல, கருவிக்கு. 26 மரைக்கான டேப், காட்டர் பின் அழுத்தும் பிரஸ், மரை கேஜ். பிரஸ்ஸைக் கோவை லேத்திலேயே செய்துகொள்ளலாம். திருப்பூர் மாவட்டம் முழுவதற்கும் ஒரு செட் போதும். அதைக் கோட்டம் எடுக்கத் தெரிந்த ஒரு பெரியவரின் பட்டறையில் வைத்து, அவரிடம் கற்றுக்கொள்ள இரண்டு இளைஞர்களை அனுப்ப இந்த வட்டாரத்து சைக்கிள் குழுக்களால் முடியும்.